கீழ்க்கரை மரங்கள்

வீரம்மா குளத்துக்குப் போகத் தொடங்கியது மீனுக்காக அல்ல, புருசனுக்குக் காவலாக.

முதிரையடிக்குளத்தில் வள்ளம் ஏறும் பெண் அவள் ஒருத்திதான். துடுப்பைத் தோளில் சாத்திக்கொண்டு அணைக்கட்டால் அவள் நடந்து வரும்போது, வலை உதறிக்கொண்டு நிற்பவர்கள், "காவல்காரி வாறா, எல்லாரும் ஒழுங்கா இருங்கோ" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே போவாள். சொல்வது உண்மையாக இருக்கும்போது கோபப்பட என்ன இருக்கிறது?

காவல் புருசன் ராசுவின் காதுக்கு.

நாட்டில் சண்டை முடிந்து சில வருசங்களில் குளத்தின் அணையை உயர்த்திக் கட்டினார்கள். அணை உயர, தண்ணீர் காட்டுக்குள் ஏறியது. பாலையும் வீரையும் முதிரையும் நின்ற நிலையிலேயே மூழ்கின. இலையும் கொப்பும் உக்கிப்போக, வைரம் பாய்ந்த நடுமரங்கள் மட்டும் தண்ணீருக்குள் மிஞ்சின. குளத்தில் தொழில் செய்பவர்கள் அவற்றைக் கட்டை என்பார்கள். கலங்கல் தண்ணீரில் மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாலையில் விரித்த வலையைக் காலையில் இழுக்கும்போது, வலை வராமல் வள்ளம் சாய்ந்தால்தான் அங்கே கட்டை இருப்பது தெரியவரும். பிறகு ஒருவர் சுழியோடிக் கீழே போய், மூச்சை அடக்கிக்கொண்டு, சிக்கிய வலையைக் கண் கண்ணாகக் கழற்ற வேண்டும்.

அந்த ஒருவர் பெரும்பாலும் ராசுதான். தன் வலைக்கு மட்டுமல்ல, யாருடைய வலை சிக்கினாலும் "ராசு அண்ணை, ஒருக்கா இறங்குங்கோ" என்று கூப்பிடுவார்கள். அவனும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவான். இப்படியே வருசக்கணக்காக இறங்கி இறங்கி, வலது காதில் முதலில் இரைச்சல், பிறகு சீழ், பிறகு ஒன்றுமே இல்லை. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருத்தி காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, ராசுவை விட்டு வீரம்மாவிடம்தான் சொன்னாள்.

"இந்தப் பக்கச் சவ்வு முழுக்கப் போயிட்டுது அம்மா. மற்றப் பக்கமும் மெலிஞ்சுபோய் இருக்கு. இனித் தலை தண்ணிக்குள்ள போகக் கூடாது. போனால் இதுவும் கேட்காது."

"கேட்டுச்சா?" என்று வீரம்மா புருசனின் இடது பக்கம் போய்க் கேட்டாள்.

"சரி சரி" என்றான் ராசு.

காது போன நாளிலிருந்து அவன் எதற்கும் சரி என்றுதான் சொல்வான். கேட்டதற்கும் சரி, கேட்காததற்கும் சரி. ஆகவே அந்தச் சரியை அவள் நம்பவில்லை. நம்பாததும் நல்லதாகப் போயிற்று. அடுத்த கிழமையே அவன் ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்தான்.

"தலை ஏன் நனைஞ்சிருக்கு?"

"மழை புள்ள."

வானத்தில் ஒரு முகில்கூட இல்லை. "உங்க தலைக்கு மட்டும் பெஞ்ச மழையா?" என்றாள் வீரம்மா.

தொழிலை விடச் சொல்ல அவளால் முடியவில்லை. வயல் வேலை போகத்துக்குப் போகம்தான். மற்ற மாதங்களில் அடுப்பெரிவது குளத்தால். அதோடு, குளத்துக்குப் போகாத நாளில் ராசு வெறும் சாக்கு மாதிரிச் சுருண்டு கிடப்பான். அதைப் பார்க்கவும் அவளுக்குப் பிடிக்காது. ஆனால் பூவரசங்குளத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் அனோஜா பின்னேரம் போன் எடுக்கும்போது, பேரப்பிள்ளையின் மழலையைக் கேட்க அவன் போனை இடது காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பதையும் அவள் பார்த்திருக்கிறாள். அந்த ஒரு காது மிஞ்சவேண்டும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை. அதனால் அவனோடு வள்ளத்தில் வந்த கூட்டாளியை வேறு வள்ளம் பார்க்கச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் தானே ஏறி உட்கார்ந்தாள். வலை சிக்கினால் கத்தியால் அறுத்துவிட்டு வருவது, இறங்குவதில்லை. அதுதான் ஒப்பந்தம்.

முதல் போகத்தில் அவள் துடுப்பை அகப்பை பிடிப்பதுபோல் பிடிக்கிறாள் என்று ராசு சிரித்தான். இரண்டாவது போகத்தில் வள்ளத்தை அவள்தான் வலித்தாள். ஆனால் அறுத்த வலைகள் கூடிக்கொண்டே போயின. ஒவ்வொரு முறையும் அறுப்பதற்கு முன்னால் ராசு தண்ணீரைப் பார்க்கும் பார்வை அவளுக்குப் பயமாக இருந்தது. பசியோடு இருப்பவன் சோற்றுப் பானையைப் பார்ப்பதுபோல் பார்ப்பான்.

அந்த நேரத்தில்தான் கிருசாந்தன் வந்தான்.

அவர்கள் வேலை செய்யும் வயலின் சொந்தக்காரர் யோகநாதனின் மகன் அவன். நோர்வேயில் இருக்கிறான். கோயில் திருவிழாவுக்கு வந்தவன், அங்கே கடலில் ஓய்வு நாட்களில் மீன் பிடித்துப் பழகியவன், இங்கே குளத்தைக் கண்டதும் வீட்டில் நிற்கவில்லை. பயணப் பெட்டிக்குள் இருந்து ஒரு கருவியை எடுத்துக்கொண்டு வந்தான். சின்ன ரீவிப் பெட்டி போல ஒரு திரை. அதிலிருந்து போகும் வயரின் நுனியில், சவர்க்காரக் கட்டி அளவில் கறுப்பாக ஒரு கட்டி. கட்டியை ஒரு கம்பில் கட்டி வள்ளத்தின் பக்கத்தில் தண்ணீருக்குள் இறக்கவேண்டும். கரண்டுக்கு என்ன செய்வது என்று அவன் தலையைச் சொறிந்தபோது, ராசு வயலுக்கு மருந்தடிக்கும் மெசினின் பற்றரியைக் கழற்றிக்கொண்டு வந்து பூட்டினான். திரை நீலமாக விழித்தது.

"அண்ணை, நீங்கள் ஆள் பெரிய எஞ்சினியர்" என்றான் கிருசாந்தன்.

திரும்பிப் போகும்போது அந்தக் கருவியை அவன் கொண்டுபோகவில்லை. "எனக்கு அங்க வேற இருக்கு அக்கா. இது உங்களிட்டை இருக்கட்டும். மீனும் காட்டும், மரமும் காட்டும். அண்ணைக்கு எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கிறன்" என்றான்.

சொல்லித்தான் கொடுத்திருந்தான். சொல்லிக் கொடுத்த அன்றைக்கு வீரம்மா களை பிடுங்கப் போயிருந்தாள். வள்ளத்தில் கிருசாந்தன் ராசுவின் வலது பக்கத்தில் உட்கார்ந்து, திரையைத் தொட்டுக் காட்டி, "கீழ தடிப்பாப் போற கோடு இருக்கெல்லோ, அதுதான் தரை" என்றான். ராசுவின் இடது காதுக்குச் சுற்றி வந்து சேர்ந்தபோது அது "கரை" ஆகியிருந்தது.

"சரி சரி" என்றான் ராசு.

வேறு ஊராக இருந்தால் அந்த ஒரு எழுத்து அவ்வளவு தூரம் போயிருக்காது. முதிரையடிக்குளத்தில் கீழ் என்றால் கிழக்கு, மேல் என்றால் மேற்கு. கீழ்வாய்க்கால், மேல்வாய்க்கால், கீழ்க்கரை, மேல்கரை என்றுதான் பிறந்த பிள்ளையும் சொல்லும். கீழ்க்கரையில் வரிசையாக மருதமரங்கள் வேறு நிற்கின்றன. பெட்டியைப் பார்த்தால் கீழே தடித்த கோடு. அந்தக் கோட்டின் மேல் அங்கங்கே மரம் மரமாக ஏதோ நிற்கிறது. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

"பாத்தியா" என்று ராசு பெண்சாதிக்குப் பாடம் எடுத்தான். "இது கீழ்க்கரை. இதெல்லாம் கரையில நிக்கிற மருது. நாம இப்ப இங்க, மேல இருக்கோம். மூலையில நம்பர் இருக்கில்ல, அது கரைக்கு எவ்வளவு தூரம்னு காட்டுது."

அவன் சொன்னது சரியாகவும் இருந்தது. கீழ்க்கரையை நோக்கி வலிக்க வலிக்க அந்த இலக்கம் குறைந்துகொண்டே போனது. கரைக்குப் பக்கத்தில் ஆழம் குறையும் என்பது யாருக்குத் தோன்றும்? மேல்கரைக்குப் போகும்போதும் இலக்கம் குறைந்தது. அப்போது பெட்டி குழம்பிப்போச்சு என்று ராசு அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினான்.

வீரம்மாவுக்கு அன்றைக்கு நிம்மதியாக இருந்தது. கரை தெரிகிறது, மீன் தெரிகிறது. கட்டை ஒன்றும் தெரியவில்லை. கட்டை இல்லாத இடமாகப் பார்த்து வலை போட்டால் இறங்கும் தேவை வராது. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மீன்பிடிச் சங்கத் தலைவர் சிற்றம்பலம் கரையில் நின்று, "என்ன ராசு, பெட்டி என்ன சொல்லுது? இண்டைக்குக் குழம்போ, பொரியலோ?" என்று கேட்டார்.

"பொரியல் அண்ணே" என்று ராசு கத்தினான். காது கேட்காதவர்கள் எல்லாரையும்போல அவனும் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்வான்.

அன்று பின்னேரம் நடுக்குளத்தில், திரையில் இரண்டு பெரிய மரங்கள் அருகருகாக எழுந்தன.

"மரம் மொட்டையாத் தெரியுதேங்க. கீழ்க்கரை மருதுல இலை நிறைய இருக்கே" என்றாள் வீரம்மா.

"பெட்டிக்கு இலை தெரியாது புள்ள. மரம் மட்டுந்தான் தெரியும்."

சோளகக் காற்று மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. புது வலை. மகள் புருசன் வாங்கிக் கொடுத்தது. அதை அந்த இரண்டு மரங்களுக்கும் நேர் மேலே, நல்ல வெளியான இடம் என்ற சந்தோசத்தில், இருவருமாக விரித்துவிட்டு வந்தார்கள்.

விடிந்து போய் இழுத்தபோது முதல் பாதி வலை நன்றாக வந்தது. திலாப்பியாவும் இடைக்கிடை விராலுமாக வள்ளத்துக்குள் விழுந்து துள்ளின. பிறகு வலை நின்றது. ராசு பலமாக இழுத்தான். வள்ளம் சாய்ந்து தண்ணீர் உள்ளே தெறித்தது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"அறுங்க" என்றாள் வீரம்மா.

"புது வலை புள்ள."

"போனாப் போகுது. அறுங்க."

"பாதி வலை கீழ கிடக்கு. மீனும் கிடக்கு. ஒரே ஒரு தடவை. பஞ்சு வச்சுக்கிறேன். எண்ணெய் போட்டுப் பஞ்சை அடைச்சா ஒரு சொட்டுத் தண்ணி போகாது."

"டொக்டர் என்னா சொன்னாங்க?"

"டொக்டர் வலை வாங்கித் தருவாங்களா?"

அவன் சேட்டைக் கழற்றினான். மடியிலிருந்து பஞ்சை எடுத்தான். வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறான் என்பதை வீரம்மா அப்போதுதான் கண்டாள். இத்தனை நாளும் அவன் மடியில் அந்தப் பஞ்சோடுதான் வந்துகொண்டிருந்தானா?

"வள்ளம் அசையாம நிக்கட்டும், கல்லைப் போடு" என்றான், சாரத்தை மடித்துக் கட்டியபடி.

வீரம்மா அழவும் இல்லை, கத்தவும் இல்லை. கத்தினால் அவனுடைய சரி சரிதான் பதிலாக வரும். அவனைப் பார்க்கப் பிடிக்காமல் குனிந்து பெட்டியைப் பார்த்தாள். வந்ததும் வழக்கப்படி அதைப் போட்டு விட்டிருந்தாள். வள்ளம் நின்ற இடத்திலேயே நின்றது. திரையில் ஒரு மரம் இருந்தது. அந்த மரம் பருத்துக்கொண்டே போனது. ஒரு மரத்தின் அளவு, இரண்டு மரத்தின் அளவு, பிறகு ஒரு மதில் போல. கீழ்க்கரையில் நிற்கும் மருது ஏன் இருந்தாற்போல் மதிலாக வேண்டும்?

கயிறு கட்டிய கல்லைத் தூக்கி, கம்புக்குப் பக்கத்தால் தண்ணீருக்குள் விட்டாள். கண் பெட்டியில் இருந்தது.

திரையின் மேல் விளிம்பிலிருந்து ஒரு மெல்லிய கோடு புறப்பட்டது. சாய்வாக இறங்கியது. இறங்கி இறங்கித் தடித்த கோட்டில் போய் முட்டியது. அதே நொடியில் கையில் இருந்த கயிறு தளர்ந்தது. கல் அடியில் உட்கார்ந்துவிட்டது.

வீரம்மா கல்லைக் கொஞ்சம் இழுத்தாள். கோடு ஏறியது. விட்டாள். இறங்கியது.

"இருங்க!"

ராசு வலது பக்கத்தைக் காட்டிக்கொண்டு வள்ளத்தின் விளிம்பில் ஒரு காலை வைத்திருந்தான். அவனுக்குக் கேட்கவில்லை. அவள் எட்டி, சாரத்தின் முடிச்சைப் பிடித்து இழுத்தாள். அவன் மீன்களுக்கு மேலே தொப்பென்று விழுந்தான்.

"என்ன புள்ள! பைத்தியமா?"

"இதைப் பாருங்க. கல்லைப் பாருங்க." அவள் இடது பக்கம் வந்து, கல்லைத் தூக்கினாள், விட்டாள். தூக்கினாள், விட்டாள். "கல்லு கீழ்க்கரைக்கா போகுது?"

ராசு பார்த்தான். பிறகு கயிற்றை வாங்கித் தானே தூக்கினான், விட்டான். சின்னப் பிள்ளை கிணற்றடியில் வாளியோடு விளையாடுவதுபோல் அவன் திரும்பத் திரும்பச் செய்தான்.

"இது கிழக்கு இல்லைங்க. கீழன்னா கீழதான். நமக்குக் கீழ. இது கரை இல்ல, குளத்தோட தரை."

"தரை..." என்றான் ராசு. "அந்தத் தம்பி தரைன்னா சொன்னிச்சு?"

"நீங்க என்னா கேட்டீங்க?"

"நான் சரின்னேன்."

வீரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அவளுடைய அம்மா அட்டன் பக்கத்து மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு வந்து, தர்மபுரத்துக்கு அங்கால் காடு வெட்டிக் குடியேறியவள். வந்த புதிதில் யாராவது கீழ்வாய்க்காலுக்குப் போகச் சொன்னால், இந்தச் சமதரையில் பள்ளம் எங்கே என்று நாலு பக்கமும் தேடுவாளாம். தோட்டத்தில் கீழ் என்றால் பள்ளம்தான். அம்மாவைப் பார்த்து ஊரே சிரித்தது. இங்கே பிறந்த வீரம்மாவும் சிரித்திருக்கிறாள். அம்மா இந்த வள்ளத்தில் இருந்திருந்தால் முதல் நாளே சரியாகச் சொல்லியிருப்பாள்.

அதற்குப் பிறகு ராசு சேட்டைப் போட்டுக்கொண்டான். கல்லைத் தூக்கிவிட்டு, அவள் மெதுவாக வலிக்க, அவன் பெட்டியைப் பார்த்தபடி இருந்தான். மரம் எங்கே எழும்புகிறது, எங்கே முடிகிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். காற்று வலையைக் கிழக்கே தள்ள, அது மரத்தின் மேற்குப் பக்கத்தில் மாட்டிச் சுற்றியிருந்தது. அவர்கள் இவ்வளவு நேரமும் கிழக்கே நின்று இழுத்து, முடிச்சை இன்னும் இறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். மேற்குப் பக்கம் போனார்கள். வலையைத் தளர்த்தி விட்டார்கள். பிறகு ராசு மெல்ல, மாட்டின் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றுவதுபோல், கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினான்.

வந்தது. ஓரிடத்தில் கிழிசல், ஒரு உக்கிய கொப்பு, அதற்குள் கோபமாக ஒரு விரால். அவ்வளவுதான்.

ராசு திரும்ப மடியில் செருகியிருந்த பஞ்சை வீரம்மா வாங்கித் தண்ணீரில் எறிந்தாள்.

பின்னேரம் வாட்சப்பில் கிருசாந்தனுக்குக் கதை சொன்னபோது, அவன் சிரித்த சிரிப்பில் பேச்சே வரவில்லை. பக்கத்தில் இருந்த அவன் பெண்சாதி என்ன, என்ன என்று கேட்பதும் கேட்டது.

"அக்கா, பிழை என்னிலதான். அண்ணைக்குக் கேட்கிற பக்கத்தில இருந்து சொல்லியிருக்கவேணும்" என்றான் கடைசியில். பிறகு அவளுக்கு முதலிலிருந்து சொல்லித் தந்தான். "அது கமெரா இல்லை அக்கா. அதுக்குக் கண் இல்லை, காதுதான் இருக்கு. அந்தக் கறுப்புக் கட்டி கீழ்நோக்கிச் சத்தம் போடும், எங்களுக்குக் கேட்காத சத்தம். அது மரத்திலயோ மீனிலயோ தரையிலயோ பட்டுத் திரும்பி வரும். திரும்பி வர எடுக்கிற நேரத்தை வைச்சு எவ்வளவு ஆழம் எண்டு கணக்குப் பார்க்கும்."

"கிணத்துக்குள்ள கத்துற மாதிரியா தம்பி?"

"ஓம், அதேதான். வலக்கைப் பக்க ஓரத்தில தெரியிறதுதான் இப்ப நடக்கிறது. இடக்கைப் பக்கம் இருக்கிறது எல்லாம் நடந்து முடிஞ்சது. வள்ளம் ஓடினால் மரம் மரமாத் தெரியும். நிண்டால் அதே மரத்தைத் திரையில திரும்பத் திரும்பக் கீறும். மதில் மாதிரி வரும்."

அவள் அன்றிலிருந்து அந்தப் பெட்டியைப் பார்க்கும் விதம் மாறியது. பார்ப்பதை விட்டு, அது கேட்டுச் சொல்வதைத் தான் கேட்கப் பழகினாள். சேறு இருக்கும் இடத்தில் கோடு மெலிந்து கலங்கலாக வரும். கல்லிலும் வைரக் கட்டையிலும் சத்தம் பலமாகத் திரும்புவதால் தடித்துச் சிவக்கும். வள்ளத்துக்குக் கீழே நீந்திக் கடக்கும் மீன் புருவம்போல் வளைந்து விழும். நிற்கும் வள்ளத்துக்குக் கீழே நிற்கும் மீன் புருவமாக இல்லாமல் நீட்டுக் கயிறாக வரும். அதைப் பாம்பு என்று ராசு ஒருநாள் பயந்தான். அவர்கள் மீனை அதிகம் தேடவில்லை. மீன் இருக்கும் இடம் ராசுவுக்கு முன்பே தெரியும். கட்டையைத்தான் தேடினார்கள். ஒவ்வொரு கட்டை தெரியும்போதும் அதற்கு நேரே கல் கட்டிய வெற்றுச் சோடாப் போத்தல் ஒன்றை மிதக்கவிட்டார்கள்.

"மீன் பிடிக்கிற பெட்டியை வைச்சு விறகு தேடுற சனத்தை இப்பதான் காணுறன்" என்றார் சிற்றம்பலம்.

ஆனால் அடுத்த மாதம் அவருடைய வலையே சிக்கியது. வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வராமல், பனை ஓலை வேலியைப் பிடித்துக்கொண்டு, "ராசு, தெரியும், உனக்கு ஏலாது. ஒருக்காத்தான். பொடியள் ஒருத்தனும் இறங்குறான் இல்லை. கடைசித் தரம்" என்றார்.

ராசு எழுந்தான். பழக்கம் அப்படி. யாராவது கூப்பிட்டால் அவன் கால் தானாக எழுந்துவிடும். வீரம்மா குசினி அடுப்பை விட்டு வெளியே வந்தாள்.

"அவர் இறங்கமாட்டார் அண்ணை. நான் வாறன்."

"நீயோ? நீ சுழியோடுவியோ?"

"நான் ஏன் ஓடவேணும்? பெட்டி இறங்கும்."

சிற்றம்பலம் வேறு வழியில்லாமல் அவர்களுடைய வள்ளத்தில் ஏறினார். வீரம்மா வலித்தாள். தலைவர் பெட்டியைப் பார்க்கவில்லை, பார்க்காததுபோல் பார்த்தார். கட்டை எழும்பியபோது, "நிப்பாட்டு, நிப்பாட்டு, அது என்ன?" என்று அவர்தான் முதலில் கத்தினார். வலை எந்தப் பக்கத்தால் சுற்றியிருக்கிறது என்று தேடி, மறுபக்கம் போய்த் தளர்த்தி வாங்க, நேரம் எடுத்தது. இரண்டு இடத்தில் கிழிந்தது. ஆனால் வந்தது.

கரையில் இறங்கும்போது, தன் மீன் பறியிலிருந்த இரண்டு பெரிய விராலை எடுத்து அவளுடைய கூடைக்குள் போட்டார்.

"வேண்டாம் அண்ணை."

"உனக்கில்லை. அந்தப் பெட்டிக்கு" என்றார். நாலு அடி போய்த் திரும்பி நின்றார். "வீரம்மா, என்ர தமையனும் இப்பிடிச் சுழியோடித்தான் செவிடானவன். அந்த நாளில ஒருத்தருக்கும் இது தெரியேல்லை." பிறகு வேகமாக நடந்துவிட்டார்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் போத்தல் மிதக்கும் இடத்தில் யாரும் வலை போடக்கூடாது என்று அவரே எழுந்து சொன்னார். போத்தல்களைப் பிடுங்கி விளையாடும் பிள்ளைகளின் தகப்பன்மாரை எச்சரிக்கவும் செய்தார். வலை சிக்கினால் இப்போது யாரும் ராசுவைக் கூப்பிடுவதில்லை. "அக்கா, பெட்டியைக் கொண்டு ஒருக்கா வாறியளோ?" என்றுதான் கேட்கிறார்கள். அவள் போகிறாள். ராசு கூடப் போய், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் பாடம் எடுக்கிறான். "கீழன்னா கிழக்கு இல்ல, விளங்குதா?" என்று அவன் கத்துவது அணைக்கட்டு வரைக்கும் கேட்கும்.

வருச முடிவில் காதுக் கிளினிக்குக்குத் திரும்ப வரச்சொல்லியிருந்தார்கள். அன்று வீரம்மா பஸ்ஸில் வரும்போதே வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். ஈரத் தலையோடு வந்த அந்த நாளிலேயே மற்றக் காதும் பழுதாகியிருந்தால்? அதற்குப் பிறகும் அவளுக்குத் தெரியாமல் அவன் இறங்கிய நாட்கள் இருந்தால்?

ஆஸ்பத்திரியில் ராசுவை ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் இருத்தி, இரண்டு காதையும் மூடுவதுபோல் ஒன்றைத் தலையில் மாட்டினார்கள்.

"ஐயா, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கோ. மெல்லிசாக் கேட்டாலும் தூக்குங்கோ" என்றாள் பரிசோதிக்கும் பிள்ளை.

"சரி சரி."

வீரம்மா கண்ணாடிக்கு இன்னும் கிட்டப் போய் நின்றாள். மற்றவர்கள் மனம் நோகக்கூடாது என்று கேட்காததற்கெல்லாம் சரி சொல்கிற மனுசன், கேட்காததற்கெல்லாம் கையையும் தூக்கிவைத்தால் என்ன செய்வது?

முதலில் வலது காது. பிள்ளை பொத்தானை அழுத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ராசு ஆடாமல் அசையாமல் இருந்தான். திரும்ப அழுத்தினாள். கை மடியிலேயே இருந்தது. அவன் முகத்தில் ஒரு சங்கடம், பரீட்சையில் விடை தெரியாத பிள்ளையின் முகம். ஆனாலும் தூக்கவில்லை. வீரம்மாவுக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது. இனி அவன் தூக்குவதெல்லாம் உண்மை.

பிறகு இடது காது.

கை எழுந்தது. இறங்கியது. எழுந்தது. சத்தம் வரவர மெலிகிறது என்பது பிள்ளை திருகும் குமிழைப் பார்த்தால் தெரிந்தது. வெளியே நின்ற வீரம்மாவுக்கு எந்தச் சத்தமும் இல்லை. கண்ணாடிக்கு அப்பால் ஒரு கை மட்டும், வயல் வேலையில் கறுத்துத் தடித்த அந்தக் கை, பள்ளிக்கூடப் பிள்ளையின் கைபோல எழுந்து எழுந்து இறங்கியது. ஒரு முறை எழும்பாமல் நின்றது. பிறகு, கொஞ்சம் தாமதமாக, பாதி உயரத்துக்கு எழுந்தது.

டொக்டர் தாளைப் பார்த்தாள். போன வருசம் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்த அதே இளம் பெண்தான். "போன முறை இருந்த மாதிரியே இருக்கு. ஒண்டும் குறையேல்லை. தண்ணிக்குள்ள இறங்கேல்லைப் போல?"

"இல்லை டொக்டர்" என்றான் ராசு, அறை அதிர. "இப்ப இவதான் எல்லாம்."

வீரம்மா டொக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தப் பிள்ளை கூச்சப்பட்டு, "எனக்கு ஏன் அம்மா?" என்றது. யாருக்கென்று சொல்வது? நோர்வேயில் பனிக்குள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவனுக்கா, அணைக்கட்டுப் பிள்ளையாருக்கா, தரையில் போய் உட்கார்ந்த அந்தக் கல்லுக்கா? எதிரே நின்றது டொக்டர், அதனால் எல்லாருக்குமானதை அவள் அங்கே கொடுத்துவிட்டு வந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் அவனுக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ்ஸில் பாட்டு அலறியது. கண்டக்டர் ஒவ்வொரு தரிப்பாகக் கூவிக்கொண்டிருந்தான். பரந்தன் சந்தி நெருங்கும்போது, வெளியே பார்த்தபடி, தனக்குத்தானே சொல்வதுபோல வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

"இறங்கித் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவோமா?"

"வடையும் சாப்பிடுவோம்" என்றான் ராசு.